சுவரில் எழுதிய யாக்கை

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டிப் பேளுக்குறிச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மனித உருவத்தைக் காலந்தோறும் ஓவியர்கள் எவ்வாறு எழுதினார்கள் என்பதைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளார்கள். கொல்லிமலையின் அடிவாரத்தில் வாழும் உங்களுக்கு இப்பொருள் அயலானது அன்று. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை இம்மலையில் நின்ற ஒரு பெண்ணுருவம். தெய்வம் ஆக்கியது என்றும், காற்று மோதினாலும் மழை அறைந்தாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் தன் வடிவு திரியாதது என்றும் அப்பாவையை அவர்கள் போற்றினார்கள். மனிதர் வகுத்த உருவங்களுக்கு அத்தகைய வரம் வாய்க்கவில்லை. அவை மங்கும், உதிரும், சில வேளைகளில் நம் கையாலேயே அழியும். அழியக்கூடிய கையினால், அழியக்கூடிய சுவரின்மேல், அழியக்கூடிய உடலை எழுதி வைத்தவர்களைப் பற்றியதே இவ்வுரை.

முதலில் ஒரு வினா. யாக்கை நிலையில்லாதது, அதன்மேல் வைத்த பற்றே வினைக்கட்டுக்கு வாயில் என்று அறிவுறுத்தும் சமயம் நம்முடையது. அவ்வாறாயின் நம் முன்னோர் தம் கோயில்களின் விதானத்திலும் தூணிலும் ஏன் மனித உடலை இத்துணை அன்போடு எழுதச் செய்தார்கள்? துறக்கச் சொல்லும் ஒன்றை அழகுறத் தீட்டுவது முரண் ஆகாதா?

விடை நம் சமயத்துக்குள்ளேயே இருக்கிறது. தேவகதி, மனிதகதி, விலங்குகதி, நரககதி என நான்கு கதிகளைச் சொல்கிறோம். இவற்றுள் வீடுபேற்றுக்கு உரிய பிறவி மனிதப் பிறவி ஒன்றே. தேவர்களும் மனிதராய்ப் பிறந்த பின்னரே வினையறுத்து வீடடைய இயலும். ஆகவே இவ்வுடல் சிறையாகவும் இருக்கிறது. கரை சேர்க்கும் தோணியாகவும் இருக்கிறது. தோணியில் குடியிருக்கக் கூடாது. ஆனால் அதன் ஒவ்வொரு பலகையையும் அறிந்திருக்க வேண்டும். நம் ஓவியர்கள் உடலைக் கூர்ந்து நோக்கியது இதனால்தான் என்று கருதுகிறேன்.

திருத்தக்க தேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் இதற்கு ஒரு சான்று உண்டு. மதயானையின் முன் அகப்பட்ட குணமாலையைச் சீவகன் காப்பாற்றுகிறான். பின்னர் அவள் அன்று அஞ்சி நடுங்கி நின்ற கோலத்தை நினைந்து நினைந்து ஓவியமாக எழுதுகிறான். அவன் எழுதியது ஓர் அழகியின் உருவத்தை மட்டுமன்று. அச்சம் உடலில் ஏறிய ஒரு கணத்தை. அதே சீவகன்தான் காப்பியத்தின் இறுதியில் அரசும் சுற்றமும் துறந்து தவம் மேற்கொள்கிறான். உடலை நன்கு கண்டவன், அதனை நன்கு விடவும் கற்றான்.

இனிக் காலவரிசையில் சில சுவர்களின் முன் நிற்போம்.

முதலாவது சித்தன்னவாசல். புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அக்குன்றின் குடைவரைக்கு அறிவர் கோயில் என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில், அவனிபசேகரன் எனப்பட்ட பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபமும் எடுத்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. மண்டப விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை. அதில் மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். அவற்றினிடையே மூன்று மனிதர்கள். தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தின் ஒரு பகுதியாகிய நீர்நிலையில், வழிபாட்டுக்குப் பூக்கொய்யும் பவ்வியர் இவர்கள் என்று அறிஞர்கள் விளக்குவர். பவ்வியர் என்றால் வீடுபேறு எய்தும் தகுதி உடைய உயிர்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அம்மூவரையும் கவனியுங்கள். அவர்களுடைய மேனி நிறம் ஒன்றல்ல. ஒருவர் கையில் பூக்கூடை தொங்குகிறது. மற்றொருவர் தண்டோடு பறித்த தாமரையைத் தோளில் சாய்த்திருக்கிறார். இந்த ஊர்ச் சந்தைக்கு மலையிலிருந்து மிளகும் பழமும் சுமந்து வருவோரை நாம் கண்டிருக்கிறோம். சுமை ஏறிய தோள் சற்றே உயரும். இடை எதிர்ப்பக்கம் வளையும். அந்த வளைவை ஓவியர் ஒரே கோட்டில் பிடித்திருக்கிறார். தசையைக் காட்ட நிழல் பூசவில்லை. செங்காவிக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து, உடலின் திரட்சியைத் தானே உணர்த்திவிடுகிறது. முகத்தில் பெருமகிழ்ச்சியும் இல்லை, துயரமும் இல்லை. செய்கின்ற பணியில் தோய்ந்த அமைதி மட்டுமே. வீடுபேற்றுக்குரிய உயிர் எப்படி இருக்கும் என்று கேட்டால், பூப்பறித்துக்கொண்டிருக்கும் மனிதனைப் போல இருக்கும் என்கிறார் அவ்வோவியர். இதனினும் எளிய விடையை நான் அறியேன்.

அதே மண்டபத்தின் தூண்களில் ஆடல் மகளிர் இருவர் உள்ளனர். அறிவர் கோயிலில் ஆடல் மகளிருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பதுண்டு. நாம் ஆதிநாதர் வரலாற்றை நினைக்க வேண்டும். ரிஷபதேவரின் அவையில் ஆடிக்கொண்டிருந்த நீலாஞ்சனை, ஆட்டத்தின் நடுவிலேயே ஆயுள் முடிந்து மறைந்தாள். இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற வேறோர் உருவத்தை நிறுத்தி ஆட்டத்தைத் தொடரச் செய்தான். அவையோர் எவரும் அறியவில்லை. ரிஷபதேவர் ஒருவரே அறிந்தார். அதுவே அவர் துறவுக்கு வித்தாயிற்று. தூணில் உள்ளவர்கள் நீலாஞ்சனை என்று நான் துணிந்து கூற மாட்டேன். ஆயினும் அக்கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு சிராவகர் அங்கே நிற்கும்போது, வளைந்த இடையிலும் நீண்ட கையிலும் அழகோடு நிலையாமையையும் சேர்த்தே காண்பார்.

இத்தகைய உருவங்களை அக்கால ஓவியர் எவ்வாறு அளந்தார்? நம் நாட்டுச் சிற்ப நூல்களில் தாளம் என்னும் அளவு உண்டு. தாளம் என்பது ஒரு முகத்தின் நீளம். பன்னிரண்டு அங்குலமாகக் கொள்ளப்படுவது. நவதாள உருவம் என்றால் ஒன்பது முகநீளம், அதாவது 108 அங்குலம். இங்கு அங்குலம் என்பது அவ்வுருவத்துக்கே உரிய விரலளவு. அளவுகோலின் அங்குலம் அன்று. தேவருக்கு ஓர் அளவு, மானுடருக்கு ஓர் அளவு, குறளருக்கு ஓர் அளவு என நூல்கள் வகுத்தன. விஷ்ணுதர்மோத்தரம் என்னும் நூலின் சித்திரப் பகுதியோ, ஆடற்கலை அறியாதவர் ஓவியக்கலையை உணர்தல் அரிது என்கிறது. உடலின் அளவை நூலிலிருந்தும், உடலின் அசைவை ஆடலிலிருந்தும் நம் ஓவியர் பெற்றனர்.

ஐரோப்பியர் வேறு வழியில் சென்றனர். 1490ஐ ஒட்டி இத்தாலியின் லியொனார்டோ டா வின்சி, கைகால் விரித்த மனிதனை வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் நிறுத்தி அளந்து காட்டினார். பிற்பாடு பிணங்களை அறுத்து, தோலின் கீழுள்ள தசையையும் நரம்பையும் எலும்பையும் வரைந்தார். அவருடைய வினா, இவ்வுடல் எவ்வாறு இயங்குகிறது என்பது. சித்தன்னவாசல் ஓவியரின் வினா, இவ்வுடலில் குடியிருக்கும் உயிர் எந்நிலையில் உள்ளது என்பது. வினா வேறானால் விடையும் வேறாகத்தானே இருக்கும்? ஒருவர் விடையை மற்றவர் அளவுகோலால் அளப்பது முறையாகாது.

சித்தன்னவாசலுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பிற்பட்டது தஞ்சைப் பெரிய கோயில். அங்கே கருவறையைச் சுற்றிய உள்நாழியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்து உலகறியச் செய்தார். முப்புரம் எரித்த பெருமானின் போர்க்கோலம், சுந்தரர் வரலாறு, ஆடல் மகளிர் என அவை விரிகின்றன. சமயம் வேறு; ஆனால் கோடு சித்தன்னவாசல் கோட்டின் உறவுதான். வேறுபாடு உணர்ச்சியில் இருக்கிறது. சித்தன்னவாசலில் உடல் அடங்கி நிற்கிறது. தஞ்சையில் உடல் பொங்கி எழுகிறது. அங்கே ஆடுபவள் தன் உடலை முறுக்கித் திரும்பும்போது அவளுடைய முதுகும் இடையும் காலும் வெவ்வேறு திசைகளை நோக்குகின்றன. சினமும் பக்தியும் வியப்பும் முகங்களில் வெளிப்படையாக நிற்கின்றன. பேரரசின் காலத்து ஓவியர் உடலை ஆற்றலின் கொள்கலமாகக் கண்டார்.

அடுத்து நாம் செல்ல வேண்டிய இடம், ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விசயநகர அரசின் அமைச்சர் இருகப்பர், தம் குருவாகிய புஷ்பசேனரின் விருப்பத்திற்கிணங்க 1387ஐ ஒட்டி எடுப்பித்தார். அதன் விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாக எழுதப்பட்டுள்ளன. நேமிநாதரின் உறவினர் என்ற முறையில் கண்ணனின் வரலாறும் இடம்பெறுகிறது. படங்களின் கீழே தமிழ் எழுத்தில் விளக்கக் குறிப்புகள் உண்டு. டி. என். இராமச்சந்திரன் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது.

இங்கே மனித உருவம் அடியோடு மாறிவிட்டது. கோடு கூர்மையாகிறது. மூக்கு நீண்டு, கண் அகன்று, முகம் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்புகிறது. உடலின் திரட்சியைவிட உடுத்த ஆடையின் பூவேலையும் கரையும் கண்ணைக் கவர்கின்றன. சித்தன்னவாசலைப் பார்த்த கண்ணோடு வருபவர், கலை தாழ்ந்துவிட்டது என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது பிழை என்பேன். இவ்வோவியர் ஏற்ற பணி வேறு. ஒரு தனி உடலின் அமைதியைக் காட்டுவது அவர் நோக்கமன்று. பிறவிகள் பலவாகத் தொடரும் ஒரு நெடுங்கதையை, அண்ணாந்து பார்த்தபடி நடந்து செல்லும் மக்களுக்கு விளங்க உரைப்பதே நோக்கம். தொலைவிலிருந்து பார்த்தாலும் அரசன் அரசனாகவும், துறவி துறவியாகவும் உடனே தெரிய வேண்டும். ஆகவே உடல் எழுத்தைப் போல ஆகிறது, படிக்கத்தக்கதாகிறது.

இதே காலத்தில் குசராத்திலும் இராசத்தானத்திலும் நம் சமயத்தார் கல்பசூத்திரச் சுவடிகளுக்குப் படம் எழுதுவித்தனர். முதலில் பனையோலையிலும், 14ஆம் நூற்றாண்டு முதல் தாளிலும் அவை அமைந்தன. அங்கே முகம் பக்கவாட்டில் இருக்க, அப்பாற்பட்ட கண் முகக்கோட்டையும் தாண்டி வெளியே துருத்தி நிற்கும். இயற்கையில் அப்படியொரு முகம் இல்லை. ஆயினும் உள்ளங்கையளவு இடத்தில் உருவத்துக்கு உயிரூட்ட அவ்வோவியர் கண்ட வழி அது. இன்று தமிழகத்தில் வாழும் வடநாட்டுச் சமணக் குடும்பங்கள் சிலவற்றில் இச்சுவடிப் படங்களின் படிகள் பூசைக்குரியவையாக உள்ளன. தெற்கின் விதானமும் வடக்கின் சுவடியும் ஒரே வரலாற்றை இருவேறு கண்களால் கண்டவை.

19ஆம் நூற்றாண்டில் காட்சி மீண்டும் மாறியது. கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மர், மேலைநாட்டு எண்ணெய் வண்ண முறையைக் கைக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒளியில் மனித உடலை எழுதினார். கன்னத்தில் ஒளி, கழுத்தில் நிழல், பட்டுச் சேலையின் மடிப்பில் மினுமினுப்பு. 1894இல் அவர் தொடங்கிய அச்சகம் அவ்வுருவங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அதன் பின்னர் நம் தமிழகத்தில், கோவில்பட்டி சி. கொண்டையா ராஜுவும் அவர் மாணவர்களும் எழுதிய நாட்காட்டிப் படங்களே கோடிக்கணக்கான இல்லங்களின் பூசையறையாயின. இன்று நம் வீடுகளில் உள்ள மகாவீரர் படங்களையும் பார்சுவநாதர் படங்களையும் நோக்குங்கள். மென்மையான தோல், ஒளிரும் கன்னம், பின்னே நீலவானம், மலைத்தொடர். அம்மரபின் வழிவந்தவையே அவை. அப்படங்களை இழிவாகக் கருதுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கோயிலுக்கு நடந்து செல்ல இயலாத மூதாட்டிக்கு அருகனின் திருவுருவை அடுக்களைச் சுவரில் காட்டிய பெருமை அவற்றுக்கு உண்டு.

இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே மாறாத ஓர் உருவத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அது தீர்த்தங்கரரின் உருவம். அரசரின் முடி மாறியது. மகளிரின் ஆடை மாறியது. மூக்கும் கண்ணும் மாறின. தீர்த்தங்கரரோ காயோற்சர்க்கத்தில் நின்றால், முழந்தாள் வரை நீண்ட கைகள் உடலைத் தீண்டாமல் தொங்க, நேராக நிற்கிறார். அமர்ந்தால் மடிமேல் கைவைத்து அசைவற்று அமர்கிறார். அணி இல்லை, முதுமை இல்லை, இன்ன நாட்டார் என்னும் அடையாளம் இல்லை. இலாஞ்சனை நீக்கினால் ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரித்தறிவதே பெரும்பாலும் அரிது. ஓவியர்களுக்குத் திறமை போதாமல் இவ்வாறு எழுதவில்லை. பக்கத்திலேயே ஆடல் மகளையும் அரசனையும் ஆயிரம் வேறுபாடுகளோடு எழுதியவர்கள் அவர்கள். பற்று உள்ள இடத்தில்தான் உடல்கள் வேறுபடுகின்றன, பற்று அற்ற இடத்தில் வேறுபாடு இல்லை என்பதை அவர்கள் தூரிகையால் சொன்னார்கள்.

இதற்கும் அப்பால் ஒரு படி உண்டு. சித்த பரமேட்டியின் திருவுருவைச் செப்புத் தகட்டில் அமைக்கும்போது, தகட்டின் நடுவே மனித வடிவை வெட்டி நீக்கிவிடுவர். எஞ்சுவது வெற்றிடம், அதைச் சுற்றிய ஒரு விளிம்பு. வீடடைந்த உயிர் தன் கடைசி உடலினும் சிறிதே குறைந்த வடிவில், உடலின்றி நிலைபெறும் என்னும் கோட்பாட்டின் வடிவம் அது. எந்த ஓவியரும் மனித உருவை எழுதத் தொடங்குவது ஒரு புறக்கோட்டில்தான். நம் மரபில் அது முடிவதும் ஒரு புறக்கோட்டில்தான். இடையே உள்ள நிறமும் நிழலும் அணியும் ஆடையும் நாம் கடந்து செல்ல வேண்டியவை.

அன்பர்களே, இவ்வளவும் கேட்டபின் ஒரு கடமையை நினைவூட்டாமல் அமர்வது முறையாகாது.

தமிழகத்தில் பல ஊர்களின் பழைய ஜினாலயங்களில் இன்று திருப்பணி நடக்கிறது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் திருப்பணி என்றதும் முதலில் வருவது சுண்ணாம்பு வாளியாகவும் பளபளக்கும் எனாமல் சாயமாகவும் இருப்பது வருந்தத்தக்கது. மங்கிய ஓவியம் அழுக்கு என்று எண்ணப்படுகிறது. சுரண்டப்படுகிறது, அல்லது அதன்மேலேயே புதிய உருவம் எழுதப்படுகிறது. எனாமல் சாயம் சுவரின் மூச்சை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் பழைய காரையைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். சில ஆண்டுகளில் புதியதும் உதிரும். பழையதும் அதனோடு போகும்.

தஞ்சையில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தில் புதிதாகச் சாந்து பூசி வேறு ஓவியம் எழுதினர். பின்னாளில் தொல்லியல் துறையினர் பெருமுயற்சியால் மேலடுக்கைச் சிதையாமல் பிரித்தெடுத்து வேறு பலகைகளில் பொருத்திக் காட்சிக்கு வைத்தனர். கீழே சோழர் ஓவியமும் வெளிப்பட்டது. இரண்டும் பிழைத்தன. ஆயினும் பெரிய கோயிலுக்குக் கிடைத்த அந்த மருத்துவம், சிற்றூரின் சிறிய ஜினாலயத்துக்குக் கிடைக்குமா? கிடைக்காது என்று எண்ணியே நாம் நடந்துகொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை எளியவை. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் விதானத்தையும் தெளிவாகப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை பூசப்பட்ட சுவராயினும், உதிர்ந்த மூலையில் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கையை நிறுத்தித் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மேல்தளத்தில் நீர்க்கசிவை முதலில் அடையுங்கள். ஓவியத்துக்கு மழையைவிடப் பெரிய பகை இல்லை. விளக்கையும் கற்பூரத்தையும் ஓவியச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். தொடாமல் பார்க்கப் பழக்குங்கள். புதிய உருவம் எழுத விரும்பினால் புதிய சுவரில் எழுதுங்கள். நம் காலத்து ஓவியருக்கும் இடம் உண்டு. முன்னவரின் இடத்தைப் பறித்துத்தான் அது கிடைக்க வேண்டும் என்பதில்லை.

அகிம்சை என்பது உயிரைக் கொல்லாமை மட்டுமன்று என்று பெரியோர் கூறுவர். ஒருவர் தம் வாழ்நாளின் உழைப்பை ஒரு சுவரில் வைத்துச் சென்றிருக்கிறார். தம் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. அவ்வுழைப்பைச் சிதைக்காமல் காப்பதும் அகிம்சையின் ஒரு கூறே என்று நான் நம்புகிறேன்.

விதானத்துப் பொய்கையில் பூக்கொய்யும் அந்த மூவரும் பதினொரு நூற்றாண்டுகளாக அதே பணியில் இருக்கிறார்கள். அவர்களுடைய நிறம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்து வருகிறது. அடுத்த தலைமுறைக்கு அவர்களுடைய புறக்கோடாவது எஞ்ச வேண்டுமாயின், நம் ஊர்தோறும் உள்ள பெயரறியாத சுவர்களையும் அதே கண்ணோடு காக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். இவ்விழா அதற்கு ஒரு தொடக்கமாக அமையட்டும்.

 அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!